பதினேழார் ஐயாயிரத்தில் நின்ற கதை

பினாங்கில் எண்களால் கெட்டவர்கள் ஏராளம். குதிரைப் பந்தயத்தில் கெட்டவர்கள், பன்னிரண்டு எண் சூதாட்டத்தில் கெட்டவர்கள், ஜோசியர் சொன்ன ராசி எண்ணை நம்பிக் கெட்டவர்கள் என்று தெருவுக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆனால் ஒரு காசுகூடக் கட்டாமல், ஒரு எண்ணைச் சும்மா நினைத்துக்கொண்டே கெட்டுப்போனவர் இந்தத் தீவின் சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் பதினேழார் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. நில அளவை ஆபீசின் சம்பளப் பட்டியலுக்கு வெளியே அது எங்கும் புழங்கியதில்லை.

இருபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் எங்கள் ஊரில் குமாஸ்தா. சூலியா தெருவுக்குப் பின்சந்தில் கல்யாணமாகாத கிராணிகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்களில் மூத்தவர் பதினேழார். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் எதையோ மறந்துவிட்டவர் போன்ற முகத்தோடு இருப்பார். நிலம் அளப்பவர்கள் கொண்டுவரும் கணக்குகளைச் சரிபார்ப்பது அவர் உத்தியோகம்.

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவர் கேட்டார்.

"தம்பி, ரெண்ட மூணு தடவ எழுதிப் பெருக்கு. எவ்வளவு வருது?"

"எட்டுண்ணே."

"பதினேழக் கூட்டு."

"இருவத்தஞ்சு."

"இருவத்தஞ்சு யாரு?"

ஒரு எண்ணை யார் என்று கேட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். யோசித்துவிட்டு, "அஞ்சஞ்சு இருவத்தஞ்சு" என்றேன்.

"அதான். இப்ப மூண எடு. மூமூணு ஒம்பது, ஒம்பம்மூணு இருவத்தேழு. பதினேழக் கூட்டுனா நாப்பத்து நாலு. அது யாரும் இல்ல, அனாதை. நால எடு. அறுவத்து நாலும் பதினேழும் எம்பத்தொண்ணு. ஒம்பதொம்பது எம்பத்தொண்ணு. எட்ட எடு. ஐநூத்திப் பன்னெண்டும் பதினேழும் ஐநூத்தி இருவத்தொம்பது. இருவத்து மூண இருவத்து மூணால பெருக்கு, அதே வரும்."

விஷயம் இவ்வளவுதான். ஒரு நேர் முழு எண்ணின் கனத்தோடு பதினேழைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் வர்க்கம் வர வேண்டும். எந்தெந்த எண்ணுக்கு வரும்? ஆபீசில் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டும்போது தற்செயலாக இதைக் கவனித்திருக்கிறார். இரண்டு, நான்கு, எட்டு என்று வரிசையாக வரவே, அடுத்து பதினாறு வரும் என்று ஆசையாகப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. அந்த ஏமாற்றத்தை அவர் சொந்தத் தம்பி செய்த துரோகம்போல எடுத்துக்கொண்டார். பிறகு தேடித் தேடி நாற்பத்து மூன்றைக் கண்டுபிடித்தார். ஐம்பத்திரண்டையும் கண்டுபிடித்தார். அதற்கு மேல் ஒருவரும் வரவில்லை.

ஐந்தே ஐந்து எண்கள்தான், ஆறாவது கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது, நிரூபிக்க வேண்டும். "இந்த எண்ணு இல்லைன்னு சொல்றது லேசு தம்பி. எந்த எண்ணும் இல்லவே இல்லைன்னு சொல்றதுதான் சூசா" என்பார். சூசா என்றால் கஷ்டம். அவர் வாழ்க்கையை அந்த ஒரு மலாய்ச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிடலாம்.

நாங்கள் சாப்பிடும் கடை சுல்தான் நானாவுடையது. சோற்றின் மேல் நாலு குழம்பையும் கலந்து ஊற்றுவார். தெரு முழுக்க மணக்கும். பதினேழார் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, இன்னொரு கையால் மேசைமேல் பென்சிலால் பெருக்குவார். நானா துணியும் கையுமாக வந்து நிற்பார்.

"கிராணியாரே, இந்த மேசை சாப்பிடறதுக்குலா."

"அழிச்சிடாதீங்க நானா. மூவாயிரம் வரைக்கும் அதுலதான் இருக்கு."

"நேத்து ரெண்டாயிரம்னீங்க. அத அழிக்காம விட்டதுல ஒரு ஆளு உங்க கணக்கு மேல உக்காந்துட்டு, சட்டையில ஆறு இலக்கத்தோட போறாரு."

ஆபீசிலும் இதே கதைதான். ஒருமுறை அளப்பதற்கு ஆள் போதாமல் அவரையும் படகில் அக்கரையிலுள்ள பத்து காவான் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அளவுச் சங்கிலியைக் கரையில் வைத்துவிட்டு ஒரு தென்னைமரத்தடியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கடல் ஏறி, சங்கிலியைக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் துரை கூப்பிட்டுச் சங்கிலி எங்கே என்று கேட்டார். கரையில் வைத்தேன் என்றார் இவர். எந்தக் கரையில் என்றார் துரை. "அப்போ இருந்த கரையில" என்றார் இவர். துரை நல்ல மனிதர். அதற்குப் பிறகு இவரை நாற்காலியை விட்டு எழுப்பவே இல்லை. உத்தியோக உயர்வுக்கும் எழுப்பவில்லை என்பதுதான் வருத்தம்.

எல்லாவற்றிலும் பெரிய சேதம் கல்யாணப் பேச்சில் நேர்ந்தது. பெண்ணின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கண்ணியமான குடும்பம். பெண்ணும் கதவுக்குப் பின்னாலிருந்து இவரை இரண்டு முறை எட்டிப் பார்த்ததை நானே கண்டேன். இவருக்கும் பிடித்திருந்தது. காது மடல் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். தகப்பனார் கேட்டார்.

"எப்ப வச்சுக்கலாம், மாப்பிள்ளை?"

"கொஞ்ச நாள் பொறுக்கணும். ஆறாவது இல்லைன்னு உறுதியான ஒடனே வச்சுக்கலாம்."

"ஆறாவதா? அப்ப அஞ்சு இருக்கா?"

"அஞ்சு இருக்கு. அஞ்சையும் நானே தேடிக் கண்டுபிடிச்சேன்."

தகப்பனார் என்னைப் பார்த்தார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் பதினேழார் பெருமையோடு தொடர்ந்தார். "மொத மூணும் சுலபமா வந்துருச்சு. கடைசி ரெண்டுக்குத்தான் ரொம்ப அலைஞ்சேன்."

நாங்கள் காப்பி குடிக்காமலே வெளியே வந்தோம். மறுநாள் நான் தனியாகப் போய், அவை எண்கள்தான், மனைவிகள் அல்ல என்று விளக்கினேன். தகப்பனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பொண்டாட்டின்னாகூடப் பேசித் தீத்துக்கலாம் தம்பி. இது அதுக்கும் மேலல்ல இருக்கு" என்றார். அந்தப் பெண்ணை ஈப்போவில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். பதினேழார் ஒரு வாரம் மட்டும் கணக்குப் போடாமல் இருந்தார்.

பிறகு ஒரு திட்டத்தோடு எழுந்தார். மேசையில் அழிந்துபோனதை விட்டு, மறுபடி முதலிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கையால் சோதித்துக்கொண்டே போவது. அதே சமயம் நிரூபணத்துக்கு வழி தேடுவது. பூச்சியம், ஒன்று, ஐந்து, ஆறு ஆகியவற்றில் முடியும் எண்களைத் தொடவே வேண்டாம், அவை ஒருகாலும் பலிக்காது என்று கடைசி இலக்கத்தைப் பார்த்தே ஒதுக்கிவிட்டார். மிச்சமிருந்தவற்றில் தினம் காலையில் பத்து எண்கள். இதற்கு ஒரு துணை வேண்டும். அட்டவணையிலிருந்து கனத்தை வாசிப்பவன் நான், பதினேழைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பவர் அவர்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இது நடந்தது. வீட்டில் இருந்தது ஒரே மேசை. அதில்தான் இட்லியும், அதில்தான் கணக்கும். எந்தக் காலையிலும் நான் சூடான இட்லி சாப்பிடவில்லை. வாசிப்பேன், அவர் போடுவார், "இல்ல" என்பார். அடுத்ததை வாசிப்பேன். "இல்ல." பினாங்கு முழுக்க மக்கள் ஆமாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தங்கள் நாளைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பத்து இல்லைகளோடு தொடங்கினோம்.

ஐயாயிரத்தைத் தொட்ட காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

"அண்ணே, அம்பத்திரண்டுக்கு அப்புறம் அஞ்சாயிரம் வரைக்கும் ஒருத்தனும் வரல. இனிமே எங்க வரப்போறான்? இத விட்டுட்டு நிரூபணத்த எழுதுங்க."

"பத்தாயிரம் வரைக்கும் பாக்கலாம்னு நெனச்சேன்."

"பத்தாயிரம் பாத்தா இருவதாயிரம்னு தோணும். எனக்கும் கண்ணு வலிக்குதுண்ணே."

கண் வலிக்கவில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவர் என் கண்களைக் கவலையோடு பார்த்தார். "சரி தம்பி, போதும்" என்றார்.

நிரூபணத்துக்கு அவர் நம்பியது புதுக் கணிதத்தை. சீமையிலிருந்து கப்பலில் ஒரு புத்தகம் வரவழைத்திருந்தார். அதில் பதினேழின் வர்க்கமூலத்தையும் ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொண்டு ஒரு புது எண் உலகமே கட்டியிருந்தார்களாம். நம் உலகத்தில் பிளக்க முடியாத கணக்கு அந்த உலகத்தில் இரண்டு துண்டாகப் பிளக்கும். இரண்டையும் பெருக்கினால் ஒரு கனம் என்றால் ஒவ்வொரு துண்டும் தனியே ஒரு கனமாக இருந்தாக வேண்டும். அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனால், ஐந்துக்கு மேல் வழியே கிடையாது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தால் புரியாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. அந்த மாதங்களில் அவர் நடக்கும்போதே சிரித்துக்கொண்டு போனார். ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கட்டுரையை அழகான கையெழுத்தில் நாற்பது பக்கம் எழுதி, இங்கிலாந்தில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். தபாலில் சேர்த்த கையோடு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி மொட்டையும் போட்டுக்கொண்டார்.

"பதில் வந்த பிறகு போடறதுதானே வேண்டுதல்?" என்றேன்.

"நிரூபணம் சரின்னு முருகனுக்குத் தெரியாதா? அவருக்கு எதுக்குத் தபால்?"

தலையில் முடி கட்டைவிரல் நகமளவு வளர்ந்திருந்தபோது பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. அதே மேசை. எங்கள் எல்லோர் முன்னாலும் உறையைப் பிரித்தார். ஒரே தாள், ஆறே வரி. படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

பேராசிரியர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் கட்டுரை தெளிவாக இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் சறுக்கிவிட்டீர்கள். அந்தப் புது உலகத்தில் ஒன்று என்ற எண்ணைப் போலவே நடந்துகொள்ளும் எண்கள் கணக்கில்லாமல் உண்டு. நீங்கள் அவற்றைக் கவனிக்கவில்லை. 5234 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவுதான்.

பதினேழார் பென்சிலை எடுத்தார். நான் அட்டவணையைத் திறந்து வாசித்தேன். அவர் பதினேழைக் கூட்டினார். 143384152921. வர்க்கமூலம் எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு இலக்கமாக இறங்கி வந்தது. மூன்று, ஏழு, எட்டு, ஆறு, ஆறு. கடைசியில் ஒன்று. மிச்சம் பூச்சியம். அந்தப் பூச்சியத்தை அவர் எழுதாமல் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு எழுதினார்.

"நல்ல எண்ணு" என்றார். "இவ்வளவு தூரத்துல தனியா நிக்குது பாரு."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். நான் போட்ட ஒரே கணக்கு அதுதான். ஐயாயிரத்துக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே எங்கள் முறைப்படி சோதிக்க வேண்டியவை நூற்று நாற்பத்தொன்று. தினம் பத்து. பதினைந்து காலைகள். இன்னும் பதினைந்து நாள் நான் ஆறிப்போன இட்லி சாப்பிட்டிருந்தால், அந்த ஆறாவது எண்ணை அவரே கண்டுபிடித்திருப்பார். கட்டுரை போயிருக்காது, மொட்டை போட்டிருக்க மாட்டார். அன்றைக்கு அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு அவர் கணக்கைத் தொடவில்லை. காலையில் மேசை காலியாக இருந்தது. இட்லி சூடாக இருந்தது. நான் அதை ஆறவைத்துத்தான் சாப்பிட்டேன். நானா கடையில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சோறு வரும்வரை சுவரைப் பார்ப்பார். ஒருநாள் நானாவே பொறுக்காமல் அவர் முன்னால் பென்சிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"போடுங்க கிராணியாரே. மேசை புதுசுதான், பரவால்லலா."

அவர் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் நோட்டுப் புத்தகங்களையும் கொடுத்தார், பொட்டலம் கட்ட. எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் கிட்டங்கியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், வாழையிலைக்கு வெளியே மூவாயிரத்து நானூற்றிரண்டிலிருந்து வரிசையாக அவர் கையெழுத்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் "இல்ல". சாயங்காலம் நானாவிடம் சண்டைக்குப் போனேன்.

"நான் கேட்டா வாங்குனேன்? கொண்டாந்து வச்சுட்டு, எரிக்க மனசு வரல, நாலு பேரு சோறு திங்கட்டும்னாரு. நான் என்ன செய்ய?" என்றார் நானா. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது, ஆபீஸ்கள் ஆள் குறைத்தன. நில அளவை ஆபீசில் முதலில் எழுதிய பெயர்களில் இவருடையதும் ஒன்று. அக்கரையில் சிம்பாங் அம்பாட் ஊருக்கு உள்ளே ஒரு தேங்காய்த் தோட்டத்தில் கொப்பரை நிறுக்கும் கிராணி வேலை கிடைத்தது. தகரப் பெட்டி ஒன்று, குடை ஒன்று. படகுத்துறையில் விடைபெறும்போது அவர் குடையை உயர்த்தி அசைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து எங்கள் வீட்டு முகவரிக்கு அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதே பேராசிரியர். எடுத்துக்கொண்டு நானே அக்கரைக்குப் போனேன். தோட்டத்தில் கொப்பரை காயும் களத்தின் ஓரமாக, ஒரு தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கறுத்துப்போயிருந்தார். முதல் கடிதத்தைப் போலவே இதையும் இரண்டு முறை படித்தார்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"வடக்க ஏதோ ஒரு குளிர்தேசத்துல ஒருத்தர் நிரூபிச்சுட்டாராம். ஆறுதான். ஏழாவது கிடையாது. அச்சாயிருச்சாம். எனக்குத் தெரிஞ்சுக்க ஆசை இருக்கும்னு எழுதியிருக்காரு."

"நல்ல மனுஷர்."

"ஆமா." கடிதத்தை மடித்தார். "நான் கேட்ட கேள்வி தம்பி. நான் இல்லாமலே முடிஞ்சுபோச்சு."

களத்தில் பெண்கள் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எரிந்த எண்ணெயின் வாடை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அன்னிக்கு அஞ்சாயிரம் போதும்னு சொன்னது நான்தான். எனக்குக் கண்ணு வலிக்கல. பசிச்சுச்சு."

அவர் தராசுத் தட்டில் ஒட்டியிருந்த கொப்பரைத் துகளைத் தட்டிவிட்டார். அழுவாரோ என்று பயந்தேன். கோபப்பட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன்.

"தெரியும்" என்றார். "உன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கும் சலிச்சுப்போயிருந்துச்சு தம்பி. யாராச்சும் போதும்னு சொல்ல மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

இது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்தாயிரம் வரை போக ஆசைப்பட்ட மனிதருக்குச் சலிப்பு வந்ததை நான் கண்டதில்லை. அவர் எழுந்து உள்ளே போய், ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் கொண்டுவந்தார். சேர்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது குடையை எடுத்துக்கொண்டு சாலைவரை வந்தார்.

"இவ்வளவு தூரம் ஒரு கடுதாசிக்காகவா வந்த?"

"இல்லண்ணே. இந்தப் பக்கம் கொப்பரை வாங்க ஆபீஸ்ல பாத்துட்டு வரச் சொன்னாங்க. மாசத்துக்கு ஒருதடவ வர வேண்டியிருக்கும்."

"அப்ப சரி" என்றார். "வந்தா இங்கயே சாப்பிடு."

மாதத்துக்கு ஒருமுறை போனேன். ஏழு வருஷம். எண்களைப் பற்றி அவர் பேசவே இல்லை. தோட்டத்து நாய், மழை, முதலாளியின் பல்வலி என்று ஏதாவது சொல்வார். ஒவ்வொரு தடவையும் நல்ல கொப்பரையாக ஒரு கை எடுத்து, ஆபீசில் காட்டு என்று காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். விஷக்காய்ச்சலில் அவர் போனபோது தோட்டத்து ஆட்களுக்கு அடுத்துத் தோள் கொடுத்தவன் நான்தான்.

எங்கள் கிட்டங்கியில் அரிசி மட்டும்தான் வியாபாரம். கொப்பரை ஒருநாளும் வாங்கியதில்லை.